மூலை மேசையின் சாட்சி

குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்ட ஒருத்தியைக் காப்பாற்றுவதுதான் துப்பறியும் தொழிலிலேயே பெரிய தலைவலி. இல்லவே இல்லை என்று சாதிப்பவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களைக் குடையலாம், மடக்கலாம், பொழுதும் போகும். "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இப்படியே திரும்பிப் போயிடலாமா மேடம்?" என்றேன், கல்லூரியின் மாடிப்படியில்.

மேடம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் வலியும் ஜலதோஷமும் தூக்கக் கலக்கமும் அவர் உடம்பில் கூட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"அக்கா போன்ல அழுதா," என்றார். "மூஞ்சியக் காட்டிட்டாவது போவோம்."

அந்த அக்காவின் மகள்தான் இந்த வழக்கின் குற்றவாளி. வீட்டில் கடைக்குட்டி என்பதால் சுண்டு என்று கூப்பிடுவார்கள். கல்லூரி லேபில் செய்ய வேண்டிய ஒரு சர்க்யூட்டை வகுப்பிலேயே முதலாவதாக வரும் பையனிடமிருந்து காப்பி அடித்துவிட்டாள் என்று புகார். காலையில் விசாரித்ததும் ஒப்புக்கொண்டுவிட்டாள். மாலையில் ஒழுங்குக் குழு கூடுகிறது. உடம்பு சரியில்லாமல் ஏற்கெனவே ஒரு வருடத்தை விட்டவள் அவள். இப்போது வெளியே அனுப்பினால் திரும்ப உள்ளே வர வழியே கிடையாது. தையல் மெஷினை மிதித்து மிதித்து அவளைப் படிக்கவைக்கும் அம்மாவிடம் அதை யார் போய்ச் சொல்வது என்பது மேடத்தின் கவலை.

என் கவலை வேறு. ஒரு வாரமாக ஒரு கணவரின் பின்னால் நாங்கள் நாயாய் அலைந்திருந்தோம். மனைவிக்குத் தெரியாமல் அவர் தினமும் போய்வந்த இடம் ஒரு நீச்சல் குளம். நரைத்த வயதில் நீந்தக் கற்றுக்கொள்வது வெட்கமாக இருந்ததாம், அதனால் மறைத்தாராம். அந்தக் கேஸ் முடிந்த காலையில்தான் அக்காவின் போன் வந்தது. எனக்குக் கண் எரிந்தது. சுண்டு காப்பி அடித்திருந்தால் அடித்துவிட்டுப் போகட்டும், எனக்குப் படுக்க ஒரு பாய் கிடைத்தால் போதும் என்ற நிலையில்தான் நான் படியேறினேன்.

லேப் நீளமான அறை. வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஸ்விட்சும் சின்னச் சின்ன விளக்குமாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உருகிய ஈயத்தின் வாசனை. கடைசி மூலை மேசைக்கு மேல் ஏ.சி. ஒழுகிக்கொண்டிருந்தது, கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். சொட்டும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

பேராசிரியர் எங்களை எதிர்பார்த்திருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்குரூ டிரைவர். கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் செய்ய வேண்டிய சர்க்யூட்டின் பெயர் ரெஜிஸ்டர் ஃபைல் என்றார். நான் கொட்டாவியை அடக்கினேன். அதைப் பார்த்துவிட்டாரோ என்னவோ, எனக்குப் புரிகிற மாதிரியே விளக்கினார். நாலு அறை உள்ள ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்ள வேண்டும். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று அறைகளுக்கு எண். எந்த அறையில் வைப்பது என்று சொல்ல ஒரு ஜோடி ஸ்விட்ச், எந்த அறையிலிருந்து எடுப்பது என்று சொல்ல இன்னொரு ஜோடி. ஜோடியில் வலது ஸ்விட்சுக்கு மதிப்பு ஒன்று, இடதுக்கு இரண்டு. இரண்டும் கீழே இருந்தால் பூஜ்யம், இரண்டும் மேலே இருந்தால் மூன்று. ஒன்றில் வைத்தது ஒன்றில் கிடைக்க வேண்டும், இரண்டில் வைத்தது இரண்டில். அவ்வளவுதான் கணினிக்குள் நடப்பது என்றார். இதற்கா இத்தனை பேர் இத்தனை வருடம் படிக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பேராசிரியர் தன் மேசையில் சர்க்யூட் செய்த இரண்டு பலகைகளை எடுத்து வைத்தார். ஒன்று டாப்பர் பையனுடையது, மற்றது சுண்டுவுடையது. ஒவ்வொன்றாகத் தன் பெட்டியில் செருகிக் காட்டினார். பூஜ்யம் சரி. மூன்று சரி. ஒன்றில் வைத்தால் ஒன்றில் காணோம், இரண்டில் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டில் வைத்தது ஒன்றில் இருந்தது. இரண்டு பலகையிலும் அச்சாக அதே கோளாறு. எந்த அறையில் வைப்பது என்று சொல்லும் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

"விடை ஒண்ணா இருந்தா நான் கவலையே பட மாட்டேன்," என்றார் பேராசிரியர். "சரியான விடை ஒண்ணுதான். தப்பு பண்ண ஆயிரம் வழி இருக்கு. அந்த ஆயிரத்துல ரெண்டு பேரும் ஒரே வழியில போவாங்களா? பையன் முதல்ல முடிச்சான். பொண்ணு அதுக்கப்புறம் முடிச்சுது. நான் வேற என்ன நினைக்கிறது?"

எனக்கு அது ரொம்பச் சரியாகத் தோன்றியது. நான் நீதிபதியாக இருந்தால் அந்த இடத்திலேயே தீர்ப்பை எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டார் மேடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"முதல்ல, அங்க ஓடிச்சு சார்னு சொன்னா. எல்லாப் பசங்களும் சொல்றதுதான். நேத்து ஓடிச்சு சார், வீட்ல ஓடிச்சு சார். இருபது வருஷமா கேக்குறேன். திரும்பத் திரும்பக் கேட்டதும் கடைசியில ஒத்துக்கிட்டா."

பெட்டியில் கோளாறு இருக்கலாமா என்று நான் சும்மா கேட்டுவைத்தேன். அதற்கு அவர் கோபப்படவில்லை, சிரித்தார். இந்த லேபின் பெட்டி எதுவும் ரிப்பேருக்கு வெளியே போனதே கிடையாதாம். ஒவ்வொரு விடுமுறையிலும் தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து, சரிசெய்து, சோதித்து மூடுவாராம். மூடியதும் ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டுச் சிவப்பு நெயில் பாலிஷ். தன் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். நாலு மூலையிலும் நாலு சிவப்புப் பொட்டு.

"எவனாவது திறந்தா இது உடைஞ்சிடும். பசங்க கை வச்சா அடுத்த நிமிஷம் எனக்குத் தெரிஞ்சிடும்."

அவர் மனைவி நகத்துக்கு என்னதான் போட்டுக்கொள்கிறாரோ என்று எனக்கு அனுதாபமாக இருந்தது.

மேடம் அதற்குள் இரண்டு பலகைகளையும் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பலகையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பையனுடைய பலகையில் வயர்கள் படிய வாரிய தலை மாதிரி இருந்தன. சுண்டுவுடையது குருவி கலைத்த கூடு. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. ஆனால் அதை நான் சொன்னபோது பேராசிரியர் அசரவில்லை. புத்திசாலிகள் மாற்றித்தான் அடிப்பார்கள் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அன்றைக்கு யார் எது சொன்னாலும் நியாயமாகப் பட்டது.

மேடம் பலகைகளைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. என்ன தெரியுது?"

"ஈயம் தெரியுது மேடம்."

"எல்லா இடத்துலயும் எப்படி இருக்கு?"

பார்த்தேன். வயர் நுழைந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு பளபளப்பான சின்ன ஈய மொட்டு. நாலு இடத்தில் மட்டும் அது கறுத்து, உப்பி, அதைச் சுற்றிப் பலகையும் கருகியிருந்தது. இடம் மாறிய அந்த இரண்டு வயர்களின் நாலு முனைகள். சுண்டுவின் பலகையிலும் அப்படித்தான். பையனுடையதிலும் அப்படித்தான்.

"அக்கா வீட்ல வளர்ந்தவ நான்," என்றார் மேடம். "தைச்சதைப் பிரிச்சு மறுபடி தைச்சா துணி காட்டிக் கொடுத்துடும். இது பிரிச்சுத் தைச்ச இடம். முதல்ல நேராத்தான் போட்டிருக்காங்க. அப்புறம் பிடுங்கி மாத்தியிருக்காங்க. காப்பி அடிக்கிறவ தப்பை முதல்லயே தப்பா அடிப்பா. சரியா செஞ்சதைப் பிடுங்கி, கஷ்டப்பட்டுத் தப்பாக்குவாளா?"

"பையனும் பிடுங்கியிருக்கானே."

"அதான் எனக்கும் புரியல," என்றார். அவர் குரலில் இருந்த சோர்வு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.  மேடத்துக்குச் சோர்வு குறைந்தால் எனக்குத் தூக்கம் குறையும்.

சுண்டு பக்கத்து வகுப்பறையில் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். சின்ன உருவம், விரலெல்லாம் ஈயம் சுட்ட தழும்பு. சித்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், அழவில்லை. அழுது முடித்துவிட்ட முகம்.

"அம்மா அனுப்புனாங்களா சித்தி?"

"நானா வந்தேன். உக்காரு. காப்பி அடிச்சியா?"

"அடிச்சேன்."

"எப்போ? எங்க வச்சு? அவன் பலகையை எப்படிப் பார்த்த?"

சுண்டு யோசித்தாள். யோசித்த அந்த நேரத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருடியவன் எங்கே திருடினான் என்று யோசிக்க மாட்டான். எங்கே மறைக்கலாம் என்றுதான் யோசிப்பான்.

"தெரியல சித்தி. எப்பவாவது பார்த்திருப்பேன்."

"வயரை ஏன் பிடுங்கின?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது என்று அவள் முகமே சொன்னது.

அதற்கப்புறம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நேராகத்தான் போட்டாளாம். ஒன்றில் வைத்தது இரண்டில் வந்ததாம். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பார்த்தாளாம், புதுச் சிப் வாங்கிப் போட்டாளாம், புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாளாம். வரைபடம் சரியாக இருக்கிறது, வயர் சரியாக இருக்கிறது, விளக்கு மட்டும் தப்பாக எரிகிறது. கடைசியில் மனசு விட்டுப்போய் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டாள். உடனே எல்லாம் சரியாக ஓடியது. ஏன் ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. ஓடுகிறதைத் தொடாதே என்பது அந்த லேபில் எல்லோருக்கும் வேதவாக்கு. தொடவில்லை.

"இதைச் சொல்ல வேண்டியதுதானே சார்கிட்ட?" என்றேன்.

"சொன்னேன் அண்ணா. அப்படி நடக்க வழியே இல்லன்னாங்க. எனக்கும் வழியே இல்லன்னுதான் தோணுது. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, நீயே சொல்லுன்னாங்க. நான் எங்கயோ பார்த்துட்டு மறந்துட்டேனோன்னு ஆயிடுச்சு." அவள் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அலுத்துப்போச்சு சித்தி. ஆமான்னா விட்டுருவாங்கன்னு ஆமான்னேன்."

 மேடம் கோபப்படும்போது மூக்கு நுனி சிவக்கும். அன்றைக்கு ஜலதோஷத்தால் ஏற்கெனவே சிவந்திருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எந்த மேசையில உக்காந்து பண்ணுன?"

"மூலை மேசை. காலையில அம்மா தைக்கிற சட்டைக்குக் காஜா எடுத்துக் கொடுத்துட்டு வர்றதுக்குள்ள மத்ததெல்லாம் நிறைஞ்சிடும். தண்ணி சொட்டுறதால அங்க யாரும் உக்கார மாட்டாங்க."

டாப்பர் பையனைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தோம். அயர்ன் செய்த சட்டை, அயர்ன் செய்த முகம். இவன்தான் ஏதோ வில்லங்கம் செய்திருக்கிறான் என்று நான் அதற்குள் முடிவு கட்டியிருந்தேன். தன் பலகையைத் தானே கெடுத்துப் பக்கத்துப் பெண்ணை மாட்டிவிட்டான் என்று ஒரு கதையே தயார். மேடத்திடம் சொன்னேன். அவன் தன் மார்க்கை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். கதை அங்கேயே படுத்துவிட்டது.

மேடம் அவனிடம் சுற்றி வளைக்கவில்லை.

"வயரை ஏன் பிடுங்கி மாத்தின?"

அவன் காதுவரை சிவந்தான். முதலில் எதைச் சொல்கிறீர்கள் என்றான். பிறகு, எல்லோரும் சில மாற்றங்கள் செய்வதுதான் என்றான். மேடம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பார்வைக்கு முன்னால்தான் அன்று காலையில் அந்த நீச்சல்காரர் ஈரத் துண்டோடு நின்றார்.

"நேராத்தான் போட்டேன்," என்றான் கடைசியில். "ஓடல. மாத்தினா ஓடிச்சு. காரணம் தெரியல."

"ஏன் இதை யார்கிட்டயும் சொல்லல?"

"எப்படி மேடம் சொல்றது? காரணம் தெரியாம மாத்தினேன்னு நானே சொல்லவா? எல்லாரும் சந்தேகம்னா என்கிட்டதான் வருவாங்க."

"அவ ஒத்துக்கிட்டான்னு கேட்டதும்?"

அவன் குழாயைத் திருகி மூடினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. அவள் எப்படியோ பார்த்திருப்பாள் என்று நினைத்தானாம். பார்க்க வழியே இல்லையே என்றும் நினைத்தானாம். யாரும் தன் பலகையைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவன் அத்தனை நாளும் யாரும் வராத இடமாகப் பார்த்து உட்கார்ந்தானாம்.

"எந்த இடம்?"

"மூலை மேசை. வாளி இருக்கே, அங்க. நான் முடிச்சிட்டுக் காலி பண்ணினப்புறம்தான் அவ அங்க வந்தா."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தூக்கம் போய்விட்டது.

பேராசிரியர் கண்ணாடி அலமாரியில் ஒரு பலகையைப் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அதை எடுத்து, ரெஜிஸ்டர் ஃபைல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவாராம். அவர் கையால் செய்தது. இத்தனை வருடமாக ஒரு தடவைகூடத் தப்பு செய்யாத பலகை. அதைக் கொஞ்சம் மூலை மேசைக்கு எடுத்துவர முடியுமா என்று மேடம் கேட்டார். எதற்கு என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்துவந்தார். சுண்டுவும் கூட வந்து நின்றாள். கொஞ்சம் தள்ளிப் பையனும் வந்து நின்றான்.

பேராசிரியர் வாளியைக் காலால் நகர்த்திவிட்டுப் பலகையைப் பெட்டியில் செருகினார். பூஜ்யத்தில் வைத்தார், பூஜ்யத்தில் இருந்தது. மூன்றில் வைத்தார், மூன்றில் இருந்தது. போதுமா என்பது போல மேடத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு?" என்றார் மேடம்.

ஒன்றில் வைத்தார். ஒன்றில் எடுத்தார். விளக்கு எரியவில்லை. செருகியதை அழுத்தினார், மறுபடி செய்தார். எரியவில்லை. அவர் விரல் தயங்கித் தயங்கி இரண்டுக்கான ஸ்விட்சுக்குப் போனது. தட்டினார். விளக்கு எரிந்தது.

ஏ.சி. மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தப்பே செய்யாத அந்தப் பலகை, சுண்டு செய்த தப்பை அப்படியே செய்துகொண்டு எல்லோர் முன்னாலும் இருந்தது.

"உங்க பலகை யாரைப் பார்த்து சார் காப்பி அடிச்சது?" என்றேன். இந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பெட்டிக்குள், வைக்கும் ஜோடி ஸ்விட்சின் இரண்டு வயர் இடம் மாறியிருந்தது. அதில் உட்கார்ந்தவர்கள் சரியாகச் செய்தாலும் தப்பாகத்தான் காட்டும். அதைச் சரிக்கட்டத் தன் பலகையை யார் மாற்றினாலும், நல்ல பெட்டியில் செருகியதும் மாட்டிக்கொள்வார்கள். ஆயிரம் வழி இருந்தும் இரண்டு பேரும் ஒரே வழியில் போனதற்குக் காரணம், இரண்டு பேருக்கும் வழி சொன்னது ஒரே பெட்டி.

பேராசிரியரின் முகம் இறுகியது. "யாரோ திறந்திருக்காங்க," என்றார். "வேணும்னே மாத்தி வச்சிருக்காங்க. இது சும்மா விடுற விஷயம் இல்ல." அவர் கண் பையன் மேல் போய் நின்றது. பையன் ஓரடி பின்வாங்கினான்.

மேடம் பெட்டியை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

நாலு மூலையிலும் நாலு சிவப்புப் பொட்டு. ஒரு கீறல் இல்லை.

பேராசிரியர் குனிந்து, ஒவ்வொரு பொட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். கடைசிப் பொட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. அவர் மூடியபின் அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. அதைச் சொல்ல அந்த அறையில் அவரைவிட நம்பகமான சாட்சி வேறு யாரும் கிடையாது.

"மூடினதும் சோதிச்சீங்களா சார்?" என்று கேட்டார் மேடம். மிரட்டும் குரலில்லை. களைத்துப்போன ஒருவர் இன்னொரு களைத்தவரிடம் கேட்கும் குரல்.

"சோதிக்காம மூடுவேனா?"

"எப்படிப் பண்ணுவீங்க? காட்டுங்களேன்."

அவர் கை தானாகப் பெட்டிக்குப் போனது. எத்தனையோ வருடப் பழக்கம். இரண்டு ஜோடி ஸ்விட்சையும் ஒரே விரல் தடவலில் கீழே தள்ளினார். சரி. அதே விரலால் இரண்டையும் மேலே தள்ளினார். சரி. அடுத்த பெட்டிக்கு நகர்வது போலக் கை கொஞ்சம் பக்கவாட்டில் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு ஜோடியில் இரண்டும் கீழே என்றால் வயர் இடம் மாறினாலும் இரண்டும் கீழேதான். இரண்டும் மேலே என்றாலும் அப்படித்தான். ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைத்துப் பார்த்தால்தான் மாறாட்டம் தெரியும். எனக்கே அது புரிந்தது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

பேராசிரியர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். ஏ.சி. தண்ணீர் ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது, துடைக்கவில்லை.

"கடைசிப் பெட்டி இது," என்றார். "விடுமுறை முழுக்க இங்கதான் இருந்தேன். இதுக்கு வர்றப்போ கை ஓஞ்சுபோச்சு. பழைய ஸ்விட்சைக் கழட்டிப் புதுசு போட்டேன், ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தேன், மூடிட்டேன்." பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "முதல் வகுப்புல இவங்களுக்கு நான் சொல்றதே அதுதான். எல்லாம் கீழ, எல்லாம் மேல, இதை மட்டும் பார்த்துட்டு ஓடுதுன்னு சொல்லாதீங்கன்னு."

"ஆமா சார். சொன்னீங்க," என்றாள் சுண்டு. குத்திக் காட்டவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பிள்ளை, அவ்வளவுதான்.

குழு கூடும் நேரமாகிவிட்டது. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். பேராசிரியர் எழுந்தவர், வாசல் வரை வந்து தயங்கினார். பெட்டியில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதுமா, யார் கையில் நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையா என்று கேட்டார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறதாம். எனக்கு அந்த மனிதர் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது.

மேடத்துக்கும் இருந்திருக்கும். ஆனாலும் சொன்னார்.

"அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டீங்க சார். செய்யாததையே அவ ஒத்துக்கிட்டா. நீங்க செஞ்சதை ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்."

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மூலை மேசைக்குத் திரும்பிப் போய், நாலு பொட்டையும் உடைத்து, பெட்டியைத் திறந்து, அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குழு அறைக்கு நடந்தார். இடம் மாறிய இரண்டு வயர்களும் மேலேயே தெரிந்தன. கூப்பிடாமலே டாப்பர் பையன் அவர் பின்னால் போனான். தன் அயர்ன் செய்த சட்டையை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டான்.

நாங்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். கதவு சாத்தியிருந்ததால் பேசுவது புரியவில்லை. முதலில் பேராசிரியரின் குரல் தணிந்து வந்தது, பிறகு பையனுடையது. கதவு திறந்தபோது பேராசிரியர் இன்னும் வயதானவராகத் தெரிந்தார். சுண்டுவின் முன்னால் வந்து நின்று, புகார் ரத்தாகிவிட்டது, நாளைக்கு வழக்கம்போல வகுப்புக்கு வர வேண்டும் என்றார். தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். சுண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

நேராக வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. லேபுக்குப் போய்ப் பலகையைக் கவிழ்த்து வைத்து, கறுத்துப்போன அந்த நாலு இடத்தையும் சூடாக்கி, வயரைப் பிடுங்கி நேராகப் போட்டாள். பக்கத்து மேசையில் அந்தப் பையனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஈயச் சுருளைத் தேடியபோது அவன் தன்னுடையதை அவள் பக்கம் தள்ளினான். அவள் எடுத்துக்கொண்டாள்.

முடித்ததும் பலகையைப் பேராசிரியரின் பெட்டியில் செருகினாள். ஒன்றில் வைத்தது ஒன்றில் வந்தது. இரண்டில் வைத்தது இரண்டில் வந்தது. விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"நீங்க என்னை நம்புனீங்களா சித்தி?"

மேடம் நினைத்திருந்தால் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தொழிலில் எத்தனையோ சொல்லியிருக்கிறார், பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.

"இல்லடி," என்றார். "படியேறி வர்றப்போ நம்பல. எனக்கும் அலுப்பு. நீ ஒத்துக்கிட்டதே போதும்னு இருந்துச்சு. பின்னாடி திருப்பி அந்த ஈயத்தைப் பார்த்தப்புறம்தான் நம்புனேன்."

சுண்டு தலையாட்டினாள். முகத்தில் கோபமில்லை.

"நீங்களாவது அப்போ நம்புனீங்க. எனக்கு இந்த விளக்கு எரியுற வரைக்கும் நான் அடிக்கலன்னு உறுதியாத் தெரியல சித்தி."

மேடம் அவளைத் தன் பக்கம் இழுத்து, ஈய வாசனை அடித்த அந்தத் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். எங்கள் முன்னால் அதுவரை அழாத பெண் அப்போதுதான் அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மேடத்தின் கைப்பையிலிருந்து போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், சாப்பாடு எடுத்து வையுங்கள் என்றேன்.